காலியாக விட்ட இடம்: மக்கள் கைபடும் பொதுக்கலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் தெருவில் மாவு மில்லின் பக்கச் சுவரைக் கறுப்பாக்கி, அதில் "இந்தத் தெருவில் ______ இருந்தால் நல்லது" என்று வரிவரியாக எழுதி வைத்தோம். அன்றிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. இது என்ன, யார் செய்யச் சொன்னது, இதனால் என்ன ஆகிவிடப் போகிறது? மில் வாசலில் நின்றபடி சொன்ன பதில்களை இங்கே கொஞ்சம் விரித்து எழுதியிருக்கிறேன்.

பொதுக்கலை என்றால் சுவரில் படம் வரைவதுதானே?

அதுவும் பொதுக்கலைதான். ஓவியர் வந்து வரைந்துவிட்டுப் போவார், நாம் நின்று பார்ப்போம். நான் இங்கே சொல்வது நாமும் கை வைத்தால்தான் முழுமையாகும் கலையை. கலைஞர் ஒரு கேள்வியையோ ஒரு வேலையையோ தொடங்கி வைக்கிறார், மீதியைத் தெருவில் போகிறவர்கள் செய்கிறார்கள். யாரும் வரவில்லை என்றால் அங்கே இருப்பது வெறும் கறுப்புச் சுவர்தான்.

இது நமக்கு அப்படி ஒன்றும் அந்நியமான விஷயமில்லை. மார்கழியில் ஒருத்தி புள்ளி வைக்க, பக்கத்து வீட்டுக்காரி இழை இழுக்க, எதிர்வீட்டுப் பிள்ளை கலர்ப்பொடி தூவுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம்.

ஒரு நல்ல உதாரணம் சொல்லுங்களேன்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைச் சொல்வேன். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் வந்து நகரத்தைத் தண்ணீரில் மூழ்கடித்தது. ஐந்து வருடம் ஆன பிறகும் பூட்டிக் கிடக்கும் வீடுகளும் கடைகளும் ஏராளம். அங்கே குடியிருந்த கேண்டி சாங் என்ற கலைஞர் நகரத் திட்டமிடலும் படித்தவர். 2010இல் அவர் "இது ______ ஆக இருந்திருக்கலாம்" என்ற பொருளில் கோடிட்ட இடத்தோடு ஸ்டிக்கர்கள் அச்சடித்து, அக்கம்பக்கத்துக் கடைகளில் இலவசமாக வைத்தார். சுவர் பாழாகாமல் உரித்தெடுக்கக் கூடிய ஸ்டிக்கர். மக்கள் அதை எடுத்துப்போய், பூட்டிய கதவுகளில் ஒட்டி எழுதினார்கள்: இறைச்சிக்கடை, சமூகத் தோட்டம், சைக்கிள் நிறுத்தம், நடனப் பள்ளி. ஒருவர் "பிராட் பிட்டின் வீடு" என்றார். ஒருவர் "சொர்க்கம்" என்றார். ஒருவர் எழுதியதற்குக் கீழே இன்னொருவர் பதில் எழுதியதுதான் தனக்கு மிகவும் பிடித்தது என்கிறார் சாங். எனக்கும் அதுதான்.

அதற்கு முந்தைய வருடம், 2009இல், அவர் தாய்போல் நேசித்த ஒரு பெண்மணி இறந்துபோயிருந்தார். அந்தத் துக்கத்தில் இருந்து வந்ததுதான் 2011 பிப்ரவரியில் செய்த சுவர். கைவிடப்பட்ட ஒரு வீட்டின் பக்கச் சுவருக்குக் கரும்பலகைப் பெயிண்ட் அடித்து, "சாவதற்கு முன் எனக்கு ______ வேண்டும்" என்ற வரியைத் திரும்பத் திரும்ப அச்சுத்தகட்டால் பதித்து, சாக்பீஸ் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தால் சுவர் நிறைந்திருந்தது. ஒரு மரம் நட வேண்டும் என்று ஒருவர். அவளை இன்னொரு தடவை அணைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருவர். முழுக்க முழுக்க நானாகவே இருக்க வேண்டும் என்று இன்னொருவர். அந்த ஒரு சுவரைப் பார்த்து, 75க்கும் மேற்பட்ட நாடுகளில் 5,000க்கும் மேற்பட்ட சுவர்களை அந்தந்த ஊர்க்காரர்களே செய்துவிட்டார்கள்.

ஆசையைச் சுவரில் எழுதினால் சமூகம் மாறிவிடுமா?

எழுதினால் மட்டும் மாறாது. ஆனால் எழுதும்போது ஒன்று நடக்கிறது. நான் மட்டும்தான் இப்படி நினைக்கிறேன் என்று மனதுக்குள் வைத்திருந்த ஒன்றை இன்னொருவர் கையெழுத்திலும் பார்க்கிறோம். தனித்தனியாக இருந்த ஆசை அந்த இடத்தில் பொதுவாகிறது. சர்வாதிகாரமாகட்டும், வெறும் அலட்சியமாகட்டும், இரண்டும் நிலைத்திருப்பது "எல்லோரும் சும்மா இருக்கிறார்கள், நான் என்ன செய்ய" என்ற நினைப்பின் மேல்தான். அந்த நினைப்பை ஆட்டிப் பார்க்க இந்தக் கலையால் முடியும்.

பெரு நாட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டு ஆல்பர்ட்டோ ஃபுஜிமோரி மூன்றாவது முறையாக அதிபரானார். தேர்தலில் முறைகேடு என்று நாடே பேசியது. அந்த மே மாதம் சில கலைஞர்கள் சேர்ந்து தலைநகர் லிமாவில் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். அதிபர் மாளிகை இருக்கும் மையச் சதுக்கத்தில், வெள்ளிக்கிழமைதோறும் பகல் 12 மணி முதல் 3 மணி வரை, நாட்டுக் கொடியைத் துவைப்பது. பிளாஸ்டிக் பேசின், தண்ணீர், பொலிவார் என்ற அந்த ஊர்ச் சோப்பு. யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்து கொடி கொண்டுவரலாம். கசக்கி, அலசி, பிழிந்து, சதுக்கத்தில் கட்டிய கொடிக்கயிற்றில் காயப் போட வேண்டும். அவ்வளவுதான்.

அதில் இருக்கும் சூட்சுமத்தைப் பாருங்கள். கொடியை எரித்தால் தேசத்துரோகி என்று பிடித்துப் போகலாம். கொடியைத் துவைக்கிறவரை என்னவென்று சொல்லிப் பிடிப்பது? கொடி அழுக்காகிவிட்டது, நாங்கள் சுத்தம் செய்கிறோம், அழுக்காக்கியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு கோஷம்கூடப் போடாமல் இதையெல்லாம் சொல்லிவிடுகிறது ஒரு பேசின் சோப்புத் தண்ணீர். துணி துவைக்கத் தெரியாத வீடு எது? பாட்டியும் வந்தார், மாணவனும் வந்தான். வாரம் போகப் போக மற்ற நகரங்களுக்கும், வெளிநாட்டில் இருந்த பெரு மக்களுக்கும் இது பரவியது. சிவப்பும் வெள்ளையுமாகச் சதுக்கம் முழுக்கக் கொடிகள் காய்ந்துகொண்டிருந்தன. அந்த நவம்பரில் ஃபுஜிமோரி ஜப்பானில் இருந்தபடி ஃபேக்ஸில் ராஜினாமா அனுப்பினார்.

துவைத்ததால்தான் ஆட்சி போனது என்று நான் சொல்லவில்லை. உளவுத்துறைத் தலைமை லஞ்சம் கொடுப்பதைக் காட்டிய வீடியோ வெளியானது பெரிய காரணம். ஆனால் அந்த வீடியோ வந்தபோது, அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்காத ஒரு மக்கள்கூட்டம் தயாராக இருந்தது. அவர்கள் மாதக்கணக்கில் வெள்ளிக்கிழமைதோறும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பழகியிருந்தார்கள்.

அது போராட்டம்தானே? அதற்கு ஏன் கலை என்று பெயர்?

இதற்கும் லிமாவில் இருந்தே ஒரு பதில் உண்டு. அந்த ஆட்சியின் கடைசி நாட்களில், 2000 அக்டோபரில், பிரான்சிஸ் அலீஸ் என்ற கலைஞர் அங்கே வந்திருந்தார். பிறகு 2002 ஏப்ரல் 11 அன்று, லிமாவுக்கு வெளியே வென்டனில்லா என்ற இடத்தில், 500 பேரை ஒரு பெரிய மணல்மேட்டின் அடியில் வரிசையாக நிறுத்தினார். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். ஆளுக்கொரு மண்வெட்டி. மண்ணை அள்ளி முன்னால் போட்டபடியே ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்க வேண்டும். வெயிலில் வேலை முடிந்தபோது அந்த மணல்மேடு சுமார் 10 சென்டிமீட்டர் நகர்ந்திருந்தது.

கோரிக்கை ஏதுமில்லை, எதிரியும் இல்லை. மறுநாள் காற்றடித்தால் அந்த 10 சென்டிமீட்டரும் போய்விடும். ஆனால் மலையை நகர்த்திய ஆட்களில் நானும் ஒருவன் என்று 500 பேர் தங்கள் ஊரில் போய்ச் சொல்லலாம், அது பொய்யில்லை. போராட்டம் எதையாவது கேட்டு வாங்க வேண்டும். கலைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இதுவரை யாரும் செய்து பார்க்காத ஒன்றை ஒரு தடவை செய்து காட்டினால் போதும்.

2019 ஜூலையில் அமெரிக்கா–மெக்சிகோ எல்லையில் நடந்ததும் இந்த வகைதான். ரொனால்ட் ராயல், வர்ஜீனியா சான் பிராடெல்லோ என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் எல்லை வேலியின் கம்பி இடுக்குகளில் மூன்று இளஞ்சிவப்பு ஏற்ற இறக்கப் பலகைகளை (சீசா) செருகினார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை, அந்தப் பக்கம் ஒரு பிள்ளை. ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்துப் பிள்ளை உந்தினால்தான் இந்தப் பக்கத்துப் பிள்ளை மேலே போகும் என்பதைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

எல்லாமே ஒரு நாள் கூத்தாக இருக்கிறதே. நிலைத்து நிற்கும்படி எதுவும் இல்லையா?

இருக்கிறது. ஜெர்மனியின் காசெல் நகரம், 1982. அங்கே நடக்கும் டாக்குமென்டா என்ற கலைக் கண்காட்சிக்காக ஜோசஃப் பாய்ஸ் என்ற கலைஞர் 7,000 கருங்கல் தூண்களைக் கொண்டுவந்து அருங்காட்சியகத்துக்கு முன்னால் குவித்துவிட்டார். நகரத்தில் ஒரு மரம் நட்டால் குவியலில் இருந்து ஒரு கல்லை எடுத்து அதன் பக்கத்தில் ஊன்றலாம். கல் குவியல் மறைய வேண்டுமானால் 7,000 மரம் நட்டாக வேண்டும். ஒரு மரத்துக்கும் கல்லுக்கும் சேர்த்து அன்றைய ஜெர்மன் பணத்தில் 500 மார்க் நன்கொடை. எங்கே நடுவது என்று பள்ளிக்கூடங்களும் தெருக்காரர்களும் கூடிப் பேசினார்கள். திட்டினவர்களும் உண்டு: கார் நிறுத்தும் இடம் போகிறது, கல் அசிங்கமாக இருக்கிறது என்று. ஒரு தடவை யாரோ அந்தக் குவியலுக்கு இளஞ்சிவப்புப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

பாய்ஸ் 1986 ஜனவரியில் இறந்தார், வேலை பாதியில் நிற்கவில்லை. 1987 ஜூனில் அவருடைய மகன் கடைசி மரத்தை நட்டார். இன்றைக்கும் காசெல் போனால் மரமும் கல்லும் ஜோடி ஜோடியாக நிற்கின்றன. கல் அப்படியே இருக்கிறது, மரம் அதைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. சமூகம் மாற எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரிந்து இல்லை.

கஷ்டத்தில் இருப்பவர்களிடம் போய் "நம்பிக்கையாக ஏதாவது எழுதுங்கள்" என்பது கொடுமை இல்லையா?

கொடுமைதான், அப்படிக் கேட்டால். அதனால்தான் அப்படிக் கேட்கக் கூடாது. 2018இல் நியூயார்க்கின் ரூபின் அருங்காட்சியகத்தில் கேண்டி சாங்கும் ஜேம்ஸ் ரீவ்ஸும் ஒரு பெரிய சுவர் செய்தார்கள். வருகிறவர்கள் இரண்டில் ஓர் அட்டையை எடுக்கலாம். ஒன்றில் "எனக்குக் கவலையாக இருக்கிறது, ஏனென்றால்…", மற்றொன்றில் "எனக்கு நம்பிக்கை இருக்கிறது, ஏனென்றால்…". முடித்து எழுதி மாட்ட வேண்டியதுதான். 50,000க்கும் மேற்பட்ட அட்டைகள் சேர்ந்தன. கவலைக்கும் அங்கே சமமான இடம் இருந்தது. அழுகிறவரைச் சிரிக்கச் சொல்லும் கலை எனக்கு வேண்டாம்.

யாருடைய நம்பிக்கை? எல்லோருடையதும் ஒன்றா?

இல்லை. இதைப் பேசாமல் நழுவக் கூடாது. 2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதி ஆனதும் இலங்கையில் ஊருக்கு ஊர் இளைஞர்கள் தாங்களாகவே தூரிகையோடு கிளம்பிச் சாலையோரச் சுவர்களில் படம் வரைந்தார்கள். உற்சாகத்துக்குக் குறைவில்லை, பங்கேற்புக்கும் குறைவில்லை. ஆனால் பல சுவர்களில் வந்தவர்கள் பழைய சிங்கள மன்னர்களும் உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட ராணுவ வீரர்களும். அதே போரில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தமிழ்த் தாய் பஸ் ஜன்னல் வழியாக அந்தச் சுவரைப் பார்த்தால் அது அவருக்கு என்ன சொல்லும்? ஆயிரம் பேர் சேர்ந்து வரைந்தாலும் அடுத்தவருக்கு இடம் விடவில்லை என்றால் அது சுவரை ஆக்கிரமிப்பதுதான்.

2022 ஏப்ரலில் கொழும்பில் காலிமுகத்திடல் என்ற கடற்கரை மைதானத்தில் அதே ஜனாதிபதிக்கு எதிராகக் கூடியவர்கள் ஒரு சின்ன ஊரையே கட்டினார்கள். நூலகம், படம் காட்டும் கூடாரம், ஓவியங்கள். அங்கே மே 18 அன்று, போரின் கடைசி நாட்களில் ஏராளமான தமிழர்கள் மாண்ட முள்ளிவாய்க்காலை நினைவுகூர்ந்து கஞ்சி பகிர்ந்தார்கள். கொழும்பின் நடுவில், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நின்று, உப்பும் அரிசியும் மட்டுமே போட்ட அந்தக் கஞ்சியை வாங்கிக் குடித்தார்கள். அதனால் காயம் ஆறிவிட்டது என்று சொல்லும் உரிமை எனக்கில்லை. ஆனால் 2019இன் சுவர்களில் இல்லாத ஒரு காலி இடம் அன்று அங்கே இருந்தது.

நிறுவனங்களும் அரசும் வரையச் சொல்லும் வண்ணச் சுவர்கள் இதில் சேருமா?

சுவருக்குச் சுவர் வேறுபடும். சென்னை கண்ணகி நகர், நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்களைக் குடியேற்றிய இடம். 2020இல் அங்கே அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. அழகான ஓவியங்கள். நான் எந்த வண்ணச் சுவரைப் பார்த்தாலும் மூன்று விஷயம் விசாரிப்பேன்: படத்தைத் தேர்ந்தெடுத்தது யார், அங்கே குடியிருப்பவர்கள் கையில் தூரிகை இருந்ததா, படம் காய்ந்த பிறகு தண்ணீரும் பஸ்ஸும் பற்றிப் பேச யாராவது வந்தார்களா.

எங்கள் தெருவில் செய்ய என்ன வேண்டும்?

முதலில் சுவரைத் தேடுங்கள். அழகான சுவர் தேவையில்லை, ஆட்கள் காத்திருக்கும் இடத்துச் சுவர் வேண்டும். மாவு மில்லை நாங்கள் தேர்ந்தெடுத்தது அதனால்தான். அரைத்து முடிக்கும்வரை சும்மா நிற்பவர்கள் படிப்பார்கள், பிறகு எழுதுவார்கள். பஸ் ஸ்டாப், ரேஷன் கடை, டீக்கடை எல்லாம் இதற்குத் தோதான இடங்கள்.

சுவரைத் தேய்த்துக் கழுவி, பிரைமர் அடித்து, காய்ந்ததும் கரும்பலகைப் பெயிண்ட் இரண்டு கோட். நன்றாகக் காய விடுங்கள். முதல்முறை எழுதும் முன் ஒரு சாக்பீஸைப் படுக்க வைத்துச் சுவர் முழுக்கத் தேய்த்து, துணியால் துடைத்துவிட வேண்டும். நாங்கள் இதைச் செய்யாமல் விட்டு, முதல் நாள் எழுதிய எழுத்தின் தடம் எவ்வளவு அழித்தாலும் போகவில்லை. கேள்வி வரியைப் பதிக்க பழைய எக்ஸ்-ரே ஃபிலிமில் எழுத்தை வெட்டிக்கொண்டால் வரி வரியாக ஒரே மாதிரி வரும். தமிழ் எழுத்தில் சுழி அதிகம், உள்வட்டம் விழுந்துவிடாமல் சின்னப் பாலம் விட்டு வெட்ட வேண்டும். பாதி வரிகளைக் குழந்தைக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் எட்டும் உயரத்தில் போடுங்கள். சாக்பீஸை ஆணியில் தொங்கும் ஒரு டப்பாவில் வையுங்கள். பிள்ளைகள் எடுத்துப் போவார்கள், போகட்டும்.

கேள்விக்குத்தான் எங்களுக்கு அதிக நாள் பிடித்தது. "உங்கள் கனவுச் சமூகம் எது?" என்று கேட்டால் யாரும் எழுத மாட்டார்கள், மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. ஒரு வார்த்தையில் முடிக்கக் கூடிய வாக்கியமாக இருக்க வேண்டும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

கட்டாயம். தனியார் சுவர் என்றால் உரிமையாளரிடம் எழுதி வாங்குங்கள். பொதுச் சுவர் என்றால் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டே ஆக வேண்டும். திறந்தவெளி இடங்களின் அழகைக் கெடுப்பதைத் தடுக்க 1959இல் இருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. கேண்டி சாங்கும் வீட்டு உரிமையாளர், அந்தத் தெருவாசிகள், பழைய கட்டடங்களுக்கான ஆணையம் என்று ஒவ்வோர் இடமாக ஏறி இறங்கியவர்தான்.

அசிங்கமாக எழுதினால்?

எழுதுவார்கள். தினமும் காலையில் யாராவது ஒருவர் ஈரத்துணியோடு போய்ப் பாருங்கள். ஒருவரை இழிவுபடுத்தும் வரியை அழியுங்கள். உங்களுக்குப் பிடிக்காத கருத்து என்பதற்காக மட்டும் எதையும் அழிக்காதீர்கள். "இந்தத் தெருவில் இந்தப் பலகை இல்லாமல் இருந்தால் நல்லது" என்று ஒருவர் எழுதினார். அதை நாங்கள் அழிக்கவில்லை.

எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

இந்தக் கேள்வி எங்களுக்கு முதலில் தோன்றவே இல்லை, அது எங்கள் தப்பு. மில்லுக்கு எதிரில் பூ விற்கும் அக்கா மூன்று நாள் பலகையைப் பார்த்தபடி இருந்தார். நாலாம் நாள், பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி எழுதிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டு, "எனக்கும் ஒண்ணு எழுதும்மா" என்றார். என்ன எழுத என்று கேட்டதற்கு, "உட்கார ஒரு இடம்" என்றார். காலை ஆறு மணியிலிருந்து கூடையை வைத்துக்கொண்டு அவர் நிற்பதை நாங்கள் எல்லோருமே வருடக்கணக்கில் பார்த்திருக்கிறோம். பூவும் வாங்கியிருக்கிறோம். அது யாருக்கும் தோன்றியதில்லை. மறுநாள் அந்த வரிக்குப் பக்கத்தில் வேறு வேறு கையெழுத்தில் ஐந்தாறு டிக் மார்க் விழுந்திருந்தன.

அதற்கப்புறம் மாலையில் ஒரு மணி நேரம் யாராவது ஒருவர் சாக்பீஸோடு நின்று, சொல்பவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறோம். சொன்னதைத் திருத்தாமல், அவர்கள் பேச்சிலேயே எழுத வேண்டும். அது ஒன்றுதான் விதி.

மழை பெய்தால் போய்விடுமே?

போகும். அதனால் வாரம் ஒருமுறை போட்டோ எடுத்து, ஒரு நோட்டிலும் எழுதி வைக்கிறோம். பிறகு சுவரைக் கழுவினால் புதியவர்களுக்கு இடம் கிடைக்கும்.

எழுதி முடித்த பிறகு என்ன?

நோட்டில் அதிகம் வந்தவற்றைத் தேதி போட்டு மனுவாக எழுதினோம். தெருவிளக்கு, சாக்கடைக்கு மூடி, உட்கார ஒரு சிமெண்ட் பெஞ்சு. விளக்கு பதினைந்து நாளில் வந்தது. மூடிக்கு அளவெடுத்துப் போனார்கள். பெஞ்சு மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு மட்டும் கொடுத்தார்கள், மூன்று மாதம் ஆகிறது. இடையில் மில்காரர் அண்ணன் பழைய பலகை ஒன்றை இரண்டு ஹாலோ பிளாக் மேல் வைத்துக் கொடுத்தார். அக்கா இப்போது அதில் உட்கார்ந்துதான் பூ கட்டுகிறார்.

பலகையின் கீழ் மூலையில் மனுக்களின் நிலவரத்தையும் எழுதி வைத்திருக்கிறோம். "பெஞ்சு: மனு கொடுத்தாச்சு, பதில் வரவில்லை." வாராவாரம் சுவரைக் கழுவும்போது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டுக் கழுவுகிறோம்.